முந்திரி மரத்திலிருந்து இறங்கிய பெண்கள்: பாறை ஏற்றத்தில் ஆண், பெண் வித்தியாசம் எது, பாகுபாடு எது?

பண்ருட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் முந்திரி மரம் ஏறாத பிள்ளை கிடையாது. முந்திரி பனை மாதிரி நெடுநெடுவென்று போகாது, கிளைகளைத் தரையோடு பரப்பிக்கொண்டு நிற்கும், ஆறு வயதுப் பிள்ளைகூடக் கொஞ்சம் எட்டிக் கால் வைத்தால் மேலே போய்விடும். கோடை விடுமுறையில் யார் முதலில் உச்சிக் கிளைக்குப் போவது என்று பந்தயம் கட்டினால் பாதிக்குப் பாதி நாள் பெண் பிள்ளைகள்தான் ஜெயிப்போம், அதில் யாருக்கும் எந்த ஆச்சரியமும் இருந்ததில்லை. பிறகு ஒவ்வொருத்தியாக வயசுக்கு வந்தோம். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உளுந்தங்களி கிண்டிக் கொடுத்து, சடங்கெல்லாம் முடிந்து நான் வெளியே வந்த அன்று என் ஆயா சொன்னது, "இனிமே மரத்துப் பக்கம் போவாத." எங்களோடு ஏறிய பையன்கள் முந்திரியை விட்டுப் பலா, தென்னை, கிணற்றுச் சுவர் என்று ஏறிக்கொண்டே இருந்தார்கள். நான் மறுபடி எதன் மீதாவது ஏறியது பதினைந்து வருடம் கழித்து. அது மரமில்லை, செஞ்சிப் பக்கத்தில் ஒரு பாறை.

இப்போது கடலூரில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பாறை ஏறப் போகிறேன் என்று சொன்னால் எனக்கு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: "ஆம்பளைங்க அளவுக்குப் பொம்பளைங்களால ஏற முடியுமா?" கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் நூல் சிக்கின மாதிரி சிக்கிக் கிடக்கின்றன. உடம்பில் என்ன வித்தியாசம் என்பது ஒன்று. ஏறுவதற்கான வாய்ப்பு எப்படிப் பங்கு போடப்பட்டிருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். பாறையைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் புரிகிற மாதிரி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம்

எவரெஸ்ட் மாதிரிப் பனிமலைக்குப் போவது வேறு, அது நாள்கணக்கில் நடந்து காற்று குறைந்த உயரத்துக்குப் போகிற மலையேற்றம். பாறை ஏற்றம் என்பது செங்குத்தான கல்லில் விரல் நுனியும் கால் நுனியும் வைத்து ஏறுவது, அந்தக் கல் பத்தடி உயரமே இருந்தாலும் சரி. கயிறு இல்லாமல், கீழே தடிமனான மெத்தை போட்டு, நாலைந்து மீட்டருக்குள் ஏறுவது போல்டரிங். அதைவிட உயரம் என்றால் கயிறு வேண்டும். கயிறு ஏற்கெனவே உச்சியில் மாட்டப்பட்டு மேலிருந்து உங்களைத் தாங்கினால் டாப் ரோப். நீங்களே கீழிருந்து கயிற்றைக் கொண்டுபோய் வழியில் இருக்கிற கொக்கிகளில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு ஏறினால் லீட். லீடில் கை நழுவினால், கடைசிக் கொக்கிக்கு மேலே எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறீர்களோ அதைப் போல இரண்டு பங்குக்கும் கொஞ்சம் அதிகமாக விழுவீர்கள், அதனால் அதில் உடம்பைவிட மனசுக்குத்தான் வேலை அதிகம். இரண்டு முறையிலும் கயிற்றின் மறுமுனையைத் தரையில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்குப் பிலே என்று பெயர்.

ஒவ்வொரு வழிக்கும் எவ்வளவு கடினம் என்று சொல்கிற ஓர் எண் உண்டு, க்ரேடு என்போம். பிரெஞ்சு முறையில் புதியவர்கள் 4, 5 என்ற வழிகளில் தொடங்குவார்கள், பிறகு 6ஏ, 6பி, 6சி என்று போகும், இடையிடையே ஒரு கூட்டல் குறி வரும். இப்போது உலகில் மிக மிகக் கடினமான வழிகள் 9சி. இந்த எண்ணில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கிடையாது. குண்டு எறிதலில் ஆணுக்கு 7.26 கிலோ, பெண்ணுக்கு 4 கிலோ என்று குண்டையே மாற்றிக் கொடுக்கிறார்கள். பாறையில் அப்படி எதையும் மாற்ற முடியாது. ஒரு 7ஏ வழியை நான் ஏறினாலும் என்னைவிட ஓரடி உயரமான ஆண் ஏறினாலும் அது 7ஏ தான். எனக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போனதற்கு முதல் காரணமே இதுதான்.

போட்டிகள் மட்டும் தனித்தனியாக நடக்கும். ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதலில் வந்தது டோக்கியோ 2020 போட்டியில் (நடந்தது 2021), அதில் 20 ஆண்கள், 20 பெண்கள். பாரிஸ் 2024-இல் 34 ஆண்கள், 34 பெண்கள். எண்ணிக்கை முதல் நாளிலிருந்தே சமம். பெண்கள் ஓட ஆரம்பிக்கப் பல பத்தாண்டுகள் காத்திருந்த மாரத்தான் போன்றவற்றோடு ஒப்பிட்டால் இது சாதாரண விஷயமில்லை.

உடம்பில் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதால் பெண்களுக்கு ஒரு நன்மையும் இல்லை. பருவம் அடைகிற வயதுவரை ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் பலத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. அதன் பிறகு ஆண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் பல மடங்கு கூடுவதால் தசை கூடுகிறது, எலும்பு நீள்கிறது, தோள் அகலமாகிறது. வளர்ந்தவர்களில் சராசரியாகப் பெண்ணின் இடுப்புக்கு மேலான பலம் ஆணின் பலத்தில் பாதியிலிருந்து அறுபது விழுக்காடு வரை, கால் பலம் அதைவிடக் கூடுதலாக, அறுபதிலிருந்து எழுபது விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். சராசரி உயரம் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைவு, அதனால் கை எட்டும் தூரமும் குறைவு. உடம்பு இயல்பாக வைத்துக்கொள்ள வேண்டிய கொழுப்பும் பெண்ணுக்கு அதிகம்.

இவ்வளவையும் படித்தால் கதை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. பாறை ஏறுகிறவர் தூக்க வேண்டிய ஒரே பாரம் தன் உடம்புதான், அதனால் மொத்தப் பலத்தைவிட எடைக்கு எவ்வளவு பலம் என்பதே கணக்கு. பெண்கள் சராசரியாக எடை குறைவு. அடுத்து, நன்றாக ஏறத் தெரிந்தவர்கள் கையால் தொங்குவதைவிடக் காலால் தள்ளுவதுதான் அதிகம். ஒரு பிடியைத் தொடர்ந்து இறுக்கிக்கொண்டே இருக்கும்போது, அவரவர் முழுப் பலத்தில் அதே விழுக்காட்டில் பிடித்தால், பெண்களின் தசை பொதுவாக மெதுவாகத்தான் களைப்படைகிறது, ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம் இது. இடுப்பு மூட்டு வளைந்து கொடுப்பதால் சுவரோடு ஒட்டி நிற்பது பலருக்குச் சுலபம். விரல் மெலிதாக இருப்பதால் பெரிய விரல்கள் நுழையாத விரிசலில் நுழையும், அரை அங்குல விளிம்பில்கூட நன்றாக உட்காரும்.

எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து இடைவெளி எப்படி மாறுகிறது என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. போல்டரிங், லீட் போட்டிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு வழிகள் அமைப்பார்கள், ஆனால் ஸ்பீடு என்ற பிரிவில் மட்டும் இருவருக்கும் அதே சுவர். 15 மீட்டர் உயரம், ஐந்து டிகிரி முன்பக்கம் சாய்வு, உலகம் முழுக்க அதே கைப்பிடிகள் அதே இடங்களில். பாரிஸில் அமெரிக்காவின் சாம் வாட்சன் அதை 4.74 விநாடியில் ஏறினார், போலந்தின் அலெக்ஸாண்ட்ரா மிரோஸ்லாவ் 6.06 விநாடியில் ஏறினார், இரண்டுமே அன்றைய உலக சாதனை. கணக்குப் போட்டால் பெண்ணுக்குக் கிட்டத்தட்ட 28 விழுக்காடு கூடுதல் நேரம். நூறு மீட்டர் ஓட்டத்தில் உசேன் போல்ட்டின் 9.58-க்கும் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னரின் 10.49-க்கும் இடையில் பத்து விழுக்காடுகூட இல்லை. கையால் வெடுக்கென்று இழுத்துத் தாவும் விளையாட்டு என்பதால் ஸ்பீடில் மேலுடம்பின் பலம் அப்படியே நேரமாக மாறிவிடுகிறது.

ஆனால் மெதுவாக, யோசித்து ஏறும் கடினமான பாறைக்கு வாருங்கள். ஆண்கள் தொட்ட உச்சம் 9சி, 2017-இல் நார்வேயில் ஆடம் ஓந்திரா ஏறிய 'சைலன்ஸ்' அந்த அளவில் முதலாவது. பெண்களின் உச்சம் 9பி+, இத்தாலியின் ஆர்கோவில் இருக்கிற 'எக்ஸ்காலிபர்' என்ற வழியை 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் ப்ரூக் ராபட்டூ ஏறினார். இடைவெளி ஒரே ஒரு படி. (க்ரேடு என்பது ஏறியவர்கள் பேசிப் பேசி முடிவு செய்கிற எண், தராசு மாதிரித் துல்லியமானது இல்லை, அதனால் அந்த ஒரு படியை விழுக்காடாக மாற்றிப் பார்க்காதீர்கள்.) நடுவில் 2017 அக்டோபரில் முதல்முறையாக 9பி ஏறிய பெண் ஆஸ்திரியாவின் ஏஞ்சலா ஐட்டர். அவர் உயரம் 154 சென்டிமீட்டர், அதாவது நம் ஊர்ப் பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க எட்டிப் பார்க்கிற உயரம்.

இங்கேதான் எனக்கு அந்த முந்திரி மரம் ஞாபகம் வருகிறது. பலத்தில் வித்தியாசம் தொடங்கும் வயது பன்னிரண்டு, பதிமூன்று. நம் வீடுகளில் பெண்ணை மரத்திலிருந்து இறக்கிவிடும் வயதும் அதே பன்னிரண்டு, பதிமூன்றுதான். ஒரு பக்கம் இயற்கை கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது, அதே நாளில் இன்னொரு பக்கம் நாம் பயிற்சியை முழுக்க நிறுத்திவிடுகிறோம். பதினைந்து வருடம் கழித்து ஒரு ஆணையும் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்தி, "பார், அவனால தொங்க முடியுது, அவளால முடியல" என்று சொன்னால் அதில் எவ்வளவு உடம்பு, எவ்வளவு ஆயா என்று எப்படிப் பிரிப்பது? என் வகுப்பில் படித்த பையன்கள் அத்தனை வருடமும் கிளையிலும் கம்பியிலும் தொங்கியிருக்கிறார்கள். என் விரல்கள் எழுதின, கோலம் போட்டன, துணி துவைத்தன. விரலின் தசைநாண்களும் தசைநார்களும் பாறைக்குப் பழக வருடக்கணக்கில் ஆகும், தசையைவிட மெதுவாக வளர்பவை அவை. ஆயாமேல் எனக்குக் கோபமில்லை, அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் சொன்னார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்கு விரலில் கணக்கு இருக்கிறது.

"பெண்களில் முதல்" என்று சொல்லும்போது

அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் எல் கேப்பிடன் என்று ஒரு பெரும் பாறை இருக்கிறது. கிட்டத்தட்ட 900 மீட்டர் செங்குத்து, செஞ்சி ராஜகிரியை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று தடவைக்கு மேல் அடுக்கினால் வருகிற உயரம். அதில் 'நோஸ்' என்ற வழியை 1958-இல் முதலில் ஏறியவர்கள் கயிற்றையும் ஆணியையும் பிடித்துத் தொங்கி ஏறினார்கள். எதையும் பிடித்துத் தொங்காமல், கயிற்றை விழுந்தால் தாங்குவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, கை காலால் மட்டுமே ஏற முடியுமா என்று பல வருடங்கள் பெரிய பெரிய ஆண்கள் முயன்றார்கள், முடியவில்லை. 1993-இல் அதைச் செய்தவர் லின் ஹில், ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமுள்ள பெண். அடுத்த வருடம் அதையே 24 மணி நேரத்துக்குள் செய்தார். ஒரே நாளில் அப்படி ஏறி முடிக்க இன்னொருவருக்கு 2005 வரை ஆனது.

அவர் ஏறிய பிறகு எழுந்த பேச்சு, "விரல் சின்னது, அதனால முடிஞ்சுது" என்பது. ஓர் இடத்தில், கிரேட் ரூஃப் என்ற கூரை மாதிரியான பகுதியில், மெலிந்த விரல்கள் உதவின, அது உண்மை. ஆனால் அதற்கு வெகு மேலே சேஞ்சிங் கார்னர்ஸ் என்ற வழவழப்பான மூலை இருக்கிறது, அங்கே விரல் வைக்கப் பிடியே கிட்டத்தட்ட இல்லை, உடம்பை முறுக்கி, முதுகையும் உள்ளங்கையையும் பாதத்தையும் சுவரில் அழுத்தி நகர வேண்டும். அதற்குச் சின்ன விரல் என்ன செய்யும்? ஓர் ஆண் நீளமான கையால் எட்டிப் பிடித்து ஜெயித்தால் யாரும் "கை நீளம், அதனாலதான்" என்று கழித்துப் பேசுவதில்லை. உடம்பின் வசதி ஆணிடம் இருந்தால் திறமை, பெண்ணிடம் இருந்தால் சலுகை என்று எடுத்துக்கொள்கிற இந்தப் பழக்கத்தைத்தான் நான் பாகுபாடு என்கிறேன்.

இதைவிடப் பழைய கதை ஒன்று ஆல்ப்ஸில் உண்டு. 1929-இல் மிரியம் ஓ'பிரையன், அலிஸ் டமேம் என்ற இரண்டு பெண்கள், வழிகாட்டியாகவோ கயிறு பிடிக்கவோ ஓர் ஆண்கூட இல்லாமல், க்ரேபான் என்ற ஊசி முனைப் பாறையை ஏறிக் காட்டினார்கள். அன்றைக்கு அங்கிருந்த ஓர் ஆண் வருத்தத்தோடு சொன்னது, இரண்டு பெண்கள் தனியாக ஏறிவிட்டதால் சுயமரியாதை உள்ள எந்த ஆணும் இனி இதை ஏற முடியாது, க்ரேபான் இல்லாமலே போய்விட்டது என்பது. லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கியது 1857. பெண்களுக்கு அதில் இடமில்லை என்பதால் 1907-இல் அவர்களே தனியாக ஒரு கிளப் வைத்துக்கொண்டார்கள். இரண்டும் ஒன்றாக 1970-கள் வரை ஆனது.

ஒரு பெண் ஒரு வழியை முதலில் ஏறினால் "பெண்களில் முதல் ஏற்றம்" என்று தனியாகக் குறித்து வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இது தேவையா என்று ஏறுகிறவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசுவார்கள். தேவையில்லை என்பவர்கள், க்ரேடு ஒன்றுதானே, தனிப் பட்டியல் எதற்கு என்கிறார்கள். என் கருத்து, இன்னும் கொஞ்ச காலத்துக்கு வேண்டும். பட்டியலில் ஒரு பெண் பெயரைப் பார்க்கும் பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது ஒரு கதவு. ஆனால் அந்தப் பட்டியலுக்குள்ளேயே எல்லாப் பெண்களையும் அடைத்துவிடக் கூடாது. 2008-இல் பெத் ராடன் யோசெமிட்டியில் 'மெல்ட்டவுன்' என்ற மெல்லிய விரிசலை ஏறினார். அதைத் திரும்ப ஏற ஒருவருக்கு, அது ஓர் ஆண், 2018 வரை பத்து வருடம் ஆனது. 2024 நவம்பரில் ஆஸ்திரியாவின் பார்பரா ஸாங்கர்ல், எல் கேப்பிடனின் 'ஃப்ரீரைடர்' வழியை முதல் முயற்சியிலேயே ஒரு தடவைகூட விழாமல் ஏறி முடித்தார். அந்தப் பாறையில் அப்படிச் செய்த முதல் மனிதர் அவர்தான். இவற்றையெல்லாம் "பெண்களில்" என்று சேர்த்து எழுதினால் தகவலே தப்பு.

சுவரை அமைத்தது யார்?

"பாறைக்கு ஆண் பெண் தெரியாது" என்று அடிக்கடி சொல்வார்கள். பாறைக்குத் தெரியாதுதான். ஆனால் நகரங்களில் பலர் ஏறப் பழகுவது பாறையில் இல்லை, பிளாஸ்டிக் பிடிகள் திருகி வைத்த செயற்கைச் சுவரில். அந்தப் பிடிகளை எங்கே திருகுவது என்று ஒருவர் முடிவு செய்கிறார், ரூட் செட்டர் என்பார்கள், பல இடங்களில் அவர் ஆண். ஐந்தடி ஒன்பது அங்குலம் இருக்கிறவர் தன் கை எட்டும் தூரத்தை வைத்து "இது சுலபம்" என்று பிடியை வைத்தால், ஐந்தடி இருக்கிற எனக்கு அதே நகர்வில் தாவ வேண்டியிருக்கும். அவருக்கு 5, எனக்கு 6பி. இயற்கைப் பாறையில் அந்த இரண்டு பிடிகளுக்கு நடுவில் ஏதாவது ஒரு பருக்கையோ பள்ளமோ இருக்கும், குள்ளமானவர்கள் அதில் கால் வைத்து வேறு வழி கண்டுபிடித்துவிடுவோம். வழவழப்பான ப்ளைவுட்டில் அது கிடையாது.

ஒரு செயற்கைச் சுவரில் எனக்கு நடந்தது இது. ஒரு வழியில் மூன்றாவது பிடி எட்டவே இல்லை, அங்கே இருந்த பயிற்சியாளரிடம் சொன்னேன், "பொண்ணுங்களுக்கு அந்தப் பக்கம் ஈஸியா போட்டிருக்கோம், அத ஏறுங்க" என்றார். எனக்குச் சுலபமான வழி வேண்டியதில்லை, கடினமாகவே இருக்கட்டும், உயரத்தால் மட்டும் பூட்டப்பட்டதாக இருக்க வேண்டாம் என்றுதான் கேட்டேன். நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரே ஒரு கால்பிடி திருகியிருந்தால் போதும், அந்த வழி எல்லாருக்கும் கடினமான வழியாக இருந்திருக்கும். அன்றைக்கு என்னோடு வந்திருந்த பன்னிரண்டு வயதுப் பையனுக்கும் அது எட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இதில் பாதிக்கப்படுவது பெண்கள் மட்டுமில்லை, குள்ளமான எல்லாரும்தான்.

கயிறு பிடிப்பதிலும் இதே மாதிரி ஒரு சிக்கல் இருக்கிறது. 75 கிலோ ஆண் லீட் ஏறி விழும்போது கீழே 48 கிலோப் பெண் பிலே செய்தால், அவர் கீழே வர இவர் மேலே தூக்கப்படுவார், முதல் கொக்கியில் போய் இடிக்கவும் வாய்ப்பு உண்டு. இதைச் சொல்லியே பல இடங்களில் பெண்களிடம் கயிறு கொடுப்பதில்லை. ஆனால் இதற்குத் தீர்வு பழையதுதான். தரையில் ஒரு கனமான பையோடு இணைத்துக்கொள்ளலாம், முதல் கொக்கியில் உராய்வைக் கூட்டும் கருவியை மாட்டலாம், எடல்ரிட் நிறுவனத்தின் 'ஓம்' அப்படிப்பட்ட ஒன்று. எடை குறைந்த ஆணுக்கும் இதே ஏற்பாடுதான். மலைகளில் பாறைத் தேன் எடுக்கும் பழங்குடி மக்களிடம், ஏணிக் கொடியைக் காவல் காக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள். தங்கை விதவையாக எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது கணக்கு. கயிறு என்பது அந்த அளவு நம்பிக்கை. கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுக்காமல் ஒரு பெண்ணை ஏற மட்டும் கூட்டிப்போனால், அவள் எப்போதும் யாரோ ஒருவர் வந்தால்தான் ஏற முடியும் என்ற நிலையிலேயே இருப்பாள். அதனால் புதிதாக வரும் பெண்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது பிலேதான், ஏறுவது அப்புறம்.

பாறைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால்

கடலூரும் புதுச்சேரியும் கடலோர ஊர்கள், தரை தட்டையானது. புதுச்சேரிக் கடற்கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்கள் கடல் அரிப்புக்காகப் போட்டவை, பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும், அவற்றில் ஏறிப் பழக வேண்டாம். கேப்பர் மலை என்று பெயர் இருந்தாலும் அது செம்மண் மேடு. நல்ல கருங்கல் வேண்டும் என்றால் திண்டிவனம் தாண்டிச் செஞ்சிப் பக்கம்தான் போக வேண்டும், கோட்டை இருக்கும் குன்றுகளில் இல்லை, அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, அவற்றுக்கு வெளியே நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஏறக்கூடிய உருண்டைப் பாறைகள் இருக்கின்றன.

இப்போது ஒரு ஆண் அங்கே போவதையும் ஒரு பெண் போவதையும் யோசித்துப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் ஏறி முடிக்க விடியற்காலை நாலரைக்குப் பேருந்து நிலையத்தில் நிற்க வேண்டும். என் நண்பன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். என் சித்தி மகள் கிளம்ப, யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாய், மாமியாருக்கு என்ன சொல்வது என்று மூன்று நாள் பேச்சுவார்த்தை நடக்கும். போய்ச் சேர்ந்தால் பாறையைச் சுற்றிக் கழிப்பறை கிடையாது. இதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், சித்திரை வெயிலில் கருங்கல் மேல் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும், நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். மாதவிடாய் நாள் என்றால் இன்னும் சிரமம். மறைப்புக்கு ஒரு சின்னக் கூடாரம், போதுமான தண்ணீர், குப்பையைத் திரும்ப எடுத்துவரப் பை என்று இப்போது எங்கள் குழுவில் கயிற்றோடு சேர்த்து இதையும் பட்டியலில் எழுதிவிட்டோம். அதற்குப் பிறகுதான் வருகிற பெண்களின் எண்ணிக்கை கூடியது. பயிற்சி முறையில் நாங்கள் எதையும் மாற்றவில்லை.

உடை விஷயம் பாதுகாப்பு விஷயமும்கூட. துப்பட்டாவும் பின்னாத முடியும் பிலே கருவிக்குள் இழுபட்டால் ஆபத்து, கழற்றிவிட வேண்டும், முடியைக் கட்டிவிட வேண்டும். மோதிரம் விளிம்பில் மாட்டினால் விரலே போய்விடும், அது ஆணுக்கும் பொருந்தும். மெட்டிதான் சிக்கல். பாறை ஏறும் ஷூ விரல்களை மடக்கி இறுக்கமாகப் பிடிக்கும், மெட்டியோடு அதைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் கண்ணில் நீர் வரும். கழற்ற மனசில்லாத பெண்களிடம் நான் வாதம் செய்வதில்லை, அரை அளவு பெரிய ஷூ கொடுப்பேன், தாலியைச் சட்டைக்குள் ஒட்டி வைக்கச் சொல்வேன். வந்து ஏறட்டும், மற்றதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

எடை

இதை மட்டும் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். எடைக்கு எவ்வளவு பலம் என்பதுதான் கணக்கு என்று மேலே சொன்னேன். அந்தக் கணக்கைத் தப்பான பக்கத்திலிருந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பலத்தைக் கூட்டாமல் எடையைக் குறைக்கிறவர்கள். சாப்பாட்டைக் குறைத்தால் சில வாரங்களுக்கு ஏற்றம் சுலபமாவது மாதிரியே இருக்கும். பிறகு மாதவிடாய் தள்ளிப்போகும், நின்றுபோகும், எலும்பு பலவீனமாகும், காயம் ஆறாது, தூக்கம் கெடும். உடம்பு செலவழிக்கும் அளவுக்கு உணவு கிடைக்காததால் வரும் இந்த நிலைக்கு 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு ரெட்-எஸ் என்று பெயர் கொடுத்தது, ஆண்களுக்கும் வரும் என்பதையும் சேர்த்தே சொன்னது. பாறை ஏற்றப் போட்டிகளில் இது பெரிய பிரச்சினை என்று 2023-இல் சர்வதேசக் கூட்டமைப்பின் மருத்துவக் குழுவிலிருந்து இரண்டு மருத்துவர்கள் விலகினார்கள். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்ப்ரெட்டும் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார், 2024-இல் புதிய விதிகள் வந்தன. நம் ஊரில் ஏற்கெனவே பெண் பிள்ளைகளிடம் ரத்தசோகை அதிகம், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளும் அவள்தான். அவளிடம் போய் எடையைக் குறை என்று எந்தப் பயிற்சியாளர் சொன்னாலும் அவரை விட்டு விலகிவிடுங்கள். மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள், ஏறுவதை நிறுத்திவைத்துவிட்டுப் பாருங்கள்.

பார்க்கிறவர்களின் கண் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-இல் ஆஸ்திரிய வீராங்கனை யோஹன்னா ஃபெர்பர் ஏறும்போது நேரலைக் கேமரா அவருடைய பின்பக்கத்தை மட்டும் நெருக்கமாகக் காட்டியது, அமைப்பாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள், அதே வருடம் அதே வீராங்கனைக்கு இன்னொரு போட்டியிலும் அது நடந்தது. செஞ்சிச் சாலையோரம் ஏறும்போது வண்டியை நிறுத்திக் கைபேசியில் படம் எடுப்பவர்கள் எங்களுக்கும் உண்டு. ஏறுகிறவரால் திரும்பிப் பார்க்கக்கூட முடியாது, அதனால் கீழே நிற்கிற ஆண் நண்பர்கள்தான் போய் நிறுத்தச் சொல்ல வேண்டும், எங்கள் குழுவில் சொல்கிறார்கள்.

கூட வருகிற ஆண்களுக்கு இன்னும் ஒன்று: கேட்காமல் வழி சொல்லாதீர்கள். "இடது கால மேல வை, வலது கைய எட்டு" என்று கீழிருந்து கத்துவது உதவி என்றுதான் நினைப்பீர்கள், ஆனால் உங்கள் உயரத்துக்குச் சரியான வழி அவளுக்குச் சரியாக இருக்காது, அவள் கண்டுபிடிக்க வேண்டியதை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். கயிற்றை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றால் போதும்.

போன மாசி மாதம் என் சித்தி மகள் தன் பெண்ணையும் கூட்டி வந்தாள். பதிமூன்று வயது, சடங்கு முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பாறையைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, நாங்கள் எல்லாரும் ஏறிய வலது பக்கத்தை விட்டு, யாரும் கவனிக்காத இடது விளிம்பில் கால் வைத்தாள், முந்திரி மரத்தில் ஏறுகிற மாதிரி பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பி. மூன்று தடவை மெத்தையில் விழுந்தாள். நாலாவது தடவை மேலே போய் உட்கார்ந்துகொண்டு அவள் அம்மாவைக் கூப்பிட்டாள், என் சித்தி மகளோ தன் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தாள்.